வெறும் வயிற்றில் படுத்திருத்தல்

அசையக் கூடாது என்று சொன்ன பிறகுதான் தன் உடம்பில் இத்தனை இடங்கள் இருப்பது மைதிலிக்குத் தெரிந்தது. காதுமடலுக்குப் பின்னால் ஓர் அரிப்பு. இடது கால் சுண்டுவிரலில் எறும்பு ஊர்வது போல ஒன்று, எறும்பாகவே இருக்கலாம். கட்டிலின் ரெக்சின் முதுகில் ஒட்டிக்கொண்டு, அவள் மூச்சு இழுக்கும்போதெல்லாம் மெல்ல முனகியது. மின்விசிறியை நிறுத்தியிருந்தார்கள். முகத்துக்கு மேல் கண்ணாடி போல ஒரு பிளாஸ்டிக் மூடி கவிழ்ந்திருந்தது. அதன் உச்சியிலிருந்து ஒரு குழாய் புறப்பட்டு வளைந்து போய் மேசைமேல் இருந்த, மூச்சை அளக்கும் மிஷினுக்குள் நுழைந்தது. ஊட்டச்சத்துத் துறைப் பிள்ளைகள் அந்த மூடிக்கு மீன் தொட்டி என்று பெயர் வைத்திருந்தார்கள். "உள்ள போனா வாயத் தொறந்து தொறந்து மூடணும் போல இருக்கும்ட்டி. மூடிட்டுக் கெட," என்று சிரித்துவிட்டுத்தான் வகுப்புத்தோழி செண்பகம் அதைக் கவிழ்த்தாள். பேசக் கூடாது, தூங்கக் கூடாது, கையைக் காலை ஆட்டக் கூடாது. "எதையும் போட்டு யோசிக்கவும் கூடாது, கேட்டியா? யோசிச்சாலும் எரியும். சும்மா செத்த பாம்பு மாதிரி கெட." அதற்கு முன்னால், மைதிலி செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, நிமிர்ந்து பார்க்காமலே கேட்டாள்: "வெறும் வயிறுதான?" மைதிலி தலையாட்டினாள்.

தலையைத்தான் ஆட்டினாள். வாயால் ஒன்றும் சொல்லவில்லை. செருப்பின் வாரை அவிழ்க்கக் குனிந்திருந்தவள் தலை எப்படியும் ஆடத்தான் செய்யும், அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டது செண்பகம்தானே என்று நினைத்தாள். நினைத்த உடனே காது சூடாகியது. தருமபுரியில் வீட்டுக்கு யாராவது கைமாற்று கேட்டு வந்தால் அவள் அப்பா இப்படித்தான் தலையை ஆட்டுவார், உண்டு என்றும் இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம், அம்மா அடுப்படியிலிருந்து, "வாயத் தொறந்து சொன்னா முத்து உதிந்துருமா?" என்பாள். மைதிலிக்கும் வாய் அப்படித்தான். பேசுவதற்குத் திறக்காது. இதை யோசிக்காதே. யோசித்தாலும் எரியும். கூரையில் மழைத்தண்ணீர் இறங்கிய பழுப்புக் கறை ஒன்று இருந்தது, ஓரம் தடித்து நடுவே வெளிறி. அதையே பார்ப்போம் என்று பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் அது வட்டமாகத் தெரிந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அதன் தடித்த ஓரத்தில் எண்ணெய் மினுங்கியது. கண்ணை வேறு பக்கம் திருப்பினாள். கண்ணைத் திருப்பலாம், அது அசைவில் சேராது.

ஒன்றுதான். அதுவும் ஊட்டிவிட்டது. அறைத்தோழி புவனாவின் அம்மா கரூரிலிருந்து விடிகாலை பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தார். புவனாவுக்கு நிச்சயமாகிவிட்டது, மகளைக் கையோடு அழைத்துப் போய்ப் புடவை எடுக்க வேண்டும். ஹாஸ்டல் வாசலில் வார்டன் விட மாட்டேன் என்றதற்கு, "நல்ல காரியத்துக்கு வந்திருக்கேம்மா, வாசல்ல நிக்க வச்சிப் பேசலாமா?" என்று கேட்டு மேலே ஏறி வந்துவிட்டார். கையில் ஒரு பெரிய பித்தளைத் தூக்கு. மூடியைத் திறந்ததும் அறை முழுக்க வெல்லமும் ஏலக்காயும். மைதிலி அப்போதுதான் தலைவாரிக்கொண்டிருந்தாள். வேண்டாம் ஆன்ட்டி, இன்று எனக்கு டெஸ்ட், வெறும் வயிற்றோடு போக வேண்டும் என்ற வாக்கியம் அவள் மனதில் முழுசாக, முற்றுப்புள்ளியோடு இருந்தது. ஆனால் அந்த அம்மா அதிரசத்தை விண்டு, நெய் வழிந்த கையோடு அவள் உதட்டருகே கொண்டுவந்துவிட்டார். "வாயத் தொற கண்ணு. நிச்சயத்து அதிரசத்த வேண்டாம்னு சொல்லக் கூடாது. அடுத்தது உனக்குத்தான்." உதட்டுக்கு வந்த கையை எப்படித் தள்ளுவது? தள்ளினால் அது அதிரசத்தைத் தள்ளுவது இல்லை, அந்தக் கல்யாணத்தையே தள்ளுவது. அவள் வாயைத் திறந்தாள். புவனா பின்னால் நின்றுகொண்டு, "அம்மா, அவ குருவி மாதிரி கொறிக்கிறவ, பாதி குடு போதும்," என்றாள். பாதி இல்லை, முழுசும் ஊட்டினார். பிறகு தூக்கை மைதிலியின் மேசைமேல் வைத்து, "இந்த மாடில இருக்கிற புள்ளைங்க எல்லாத்துக்கும் சாயங்காலம் குடுத்துரு கண்ணு. உன்ன நம்பித்தான் வச்சுட்டுப் போறேன். புவனா சொல்லியிருக்கா, நீ ரொம்ப பொறுப்புன்னு," என்றார். இருவரும் பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்கள். அறைக்கதவு காற்றில் தானாகச் சாத்திக்கொண்டது. ஒன்றுதான். ஊட்டிவிட்டது. அதை மட்டும் செண்பகத்திடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் தலையில் அடித்துக்கொண்டு சிரித்திருப்பாள், நாளைக்கு வா என்றிருப்பாள். அவ்வளவு எளிது. அந்த எளிதான இடத்தைத் தொட்டதும் மனசு ஒவ்வொரு முறையும் வழுக்கி வேறு பக்கம் போனது.

கடைவாயில் ஒரு துணுக்கு இருந்தது. அரிசியும் வெல்லமும் சேர்ந்து இறுகிய சின்னத் துணுக்கு. நாக்கு தானாகவே அதைத் தேடிப் போனது. நாக்கு அசைவது அசைவில் சேருமா? அவள் நாக்கை இழுத்துக்கொண்டாள். அது மறுபடியும் போனது. மூடிக்குள் தன் மூச்சே தன்மேல் திரும்பி விழுந்தது, அதில் ஏலக்காய் மணந்தது. இந்த மூச்சைத்தான் குழாய் உறிஞ்சிக்கொண்டு போகிறது. செண்பகத்துக்கு மணம் தெரியாது, மிஷினுக்கு வேறு மாதிரி தெரியும். இதை மைதிலியை விட நன்றாக அந்த வகுப்பில் யாரும் அறிந்தவர்கள் இல்லை. போன வருஷம் கருத்தரங்கில் கரும்பலகையில் படம் போட்டு விளக்கியதே அவள்தான், குரல் நடுங்க, சுண்ணாம்புக்கட்டி இரண்டு தரம் ஒடிய. வெறும் வயிற்றோடு கிடக்கிற உடம்பு தன் கொழுப்பை எடுத்து எரிக்கும். அப்போது உள்ளே போகும் காற்றுக்கும் வெளியே வரும் காற்றுக்கும் உள்ள கணக்கு தாழ்ந்து நிற்கும். மாவோ இனிப்போ உள்ளே போயிருந்தால் உடம்பு அதைத்தான் முதலில் எடுக்கும், எண் ஏறும். மனுஷன் மறைக்கலாம், மூச்சு மறைக்காது என்று அன்றைக்கு அவள் பேச்சை முடித்தாள். எல்லோரும் கைதட்டினார்கள். எஸ்தர் மேடம், அவளுக்கும் செண்பகத்துக்கும் ஆய்வு வழிகாட்டி, "நல்ல வரி," என்று சொன்னார். அந்த வரி இப்போது மூடிக்குள் அவள் மூக்குக்கு நேரே வந்து நின்றது.

இதற்கு அவள் ஒத்துக்கொண்டதே அந்த மிஷினை நம்பித்தான். ஹாக்கி ஆடுகிற பெண்களின் உடம்பு சும்மா படுத்திருக்கும்போது எவ்வளவு எரிக்கிறது, ஆடாத பெண்களின் உடம்பு எவ்வளவு எரிக்கிறது என்று ஒப்பிடுவது செண்பகத்தின் ஆய்வு. செண்பகம் கோவில்பட்டிக்காரி, பள்ளிக்கூடத்திலிருந்தே ஹாக்கி மட்டையோடு திரிந்தவள். முழங்காலில் அடிபட்ட பிறகு மட்டையை வைத்துவிட்டு இந்தப் படிப்புக்கு வந்தாள். ஆடும் பெண்களை எல்லாம் அளந்து முடித்தாகிவிட்டது, அவர்கள் தேர்வு முடிந்து ஊர் ஊராகப் போயும் விட்டார்கள். ஆடாத குழுவில் கடைசியாக ஓர் ஆள் குறைந்தது. மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, தட்டைத் தள்ளிவிட்டு எழுந்த மைதிலியின் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். "நீ வாட்டி. நீதான் என் உக்காந்த குரூப்பு." மேசையே சிரித்தது. மைதிலியும் சிரித்தாள், இடுப்பைச் சுற்றித் துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டே சிரித்தாள். அது செண்பகத்தின் கண்ணில் பட்டிருக்க வேண்டும். கை கழுவும் இடத்தில் பின்னாலேயே வந்து தணிந்த குரலில் சொன்னாள்: "கோவிச்சுக்காத. நான் நிசமாத்தான் சொல்லுதேன். நீ சாப்பிடுதத தெனமும் பாக்கேன், எங்க ஊருல கோழிக்கு அதவிடக் கூட வைப்பாங்க. அப்புறமும் உடம்பு போடுதுன்னா உனக்கு எரியுததே கம்மியா இருக்கும். சிலருக்கு அப்படித்தான். மிஷின்ல பாத்துட்டோம்னா உம்மேல ஒரு தப்பும் இல்லன்னு தெரிஞ்சுரும்லா?" உன்மேல் ஒரு தப்பும் இல்லை. குழாயடியில், ஈரக்கையோடு, இருபத்துமூன்று வயதில் முதல்தரமாக ஒருத்தி அவளிடம் அப்படிச் சொன்னாள். அன்றைக்கே வரேன் என்று சொல்லிவிட்டாள். அறைக்கு வந்து படுத்தபோதுதான் பயம் பிடித்தது. எரிவது கம்மி இல்லை என்று காட்டினால்? மிஷின் அவளை ஒழுங்கான, எல்லோரையும் போன்ற உடம்பு என்று சொல்லிவிட்டால்? அப்புறம் மிச்சம் இருப்பது ஒரே ஒரு காரணம்தான்.

பக்கத்துச் சமையல் ஆய்வகத்தில் யாரோ கடுகு தாளித்தார்கள். வயிறு திடீரென்று உருண்டு ஒரு நீளமான சத்தம் போட்டது. பசித்த வயிறும் சத்தம் போடும், நிறைந்த வயிறும் சத்தம் போடும், கேட்பவருக்கு வித்தியாசம் தெரியாது. செண்பகம் திரையைப் பார்த்தபடியே, "பசிக்குதாட்டி? முடியப்போகுது. முடிஞ்சதும் கேண்டீன்ல உனக்குப் பூரி வாங்கித் தாரேன்," என்றாள். மைதிலி கண்ணை மூடினாள். தூங்கக் கூடாது, திறந்தாள். எட்டாம் வகுப்பில் உடல்நல அட்டை எழுதும் நாள் ஞாபகம் வந்தது. பி.இ.டி. சார் எடை மிஷின் பக்கத்தில் நின்று ஒவ்வொருத்தி எடையையும் உரக்கப் படிப்பார், லீடர் எழுதிக்கொள்வாள். மைதிலி ஏறி நின்றதும் அவர் முள்ளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், குனிந்து மிஷினைத் தட்டிப் பார்த்தார். "மிஷின்ல ஏதோ கோளாறு போல." வராந்தா முழுக்கச் சிரிப்பு. அவள் இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை, அந்தச் சின்ன இரும்புத் தட்டின்மேல் தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அன்று சாயங்காலம் பால் வாங்கப் போகிறேன் என்று போய்ப் பேக்கரிக்குப் பின்னால் நின்று தேங்காய் பன் தின்றது அதற்குப் பிறகா, அதற்கு முன்பே அந்தப் பழக்கம் வந்துவிட்டிருந்ததா? பிறகுதான் என்று பல வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தாள். பிறகுதான் என்றால் குற்றம் அந்தச் சாருடையது. ஆனால் பன்காரரின் முகம் அவளை அன்றைக்கே தெரிந்துவைத்திருந்த முகமாகத்தான் ஞாபகத்தில் இருக்கிறது, "ரெண்டா பாப்பா?" என்று கேட்ட முகம். மாமா ஒருவர் எல்லா விசேஷத்திலும் சொல்வார்: "சாப்பாட்டப் பத்திப் படிக்கிறாளாம். இவளுக்குப் படிச்சுத்தான் தெரியணுமா?"

படித்ததில் அவள் நன்றாகக் கற்றுக்கொண்டது கேட்பதைத்தான். பூங்காவில் மாலையில் நடக்க வரும் பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்பது அவள் ஆய்வு. நேற்று காலையில் எழுந்ததிலிருந்து படுக்கும்வரை என்னென்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டு எழுத வேண்டும். எஸ்தர் மேடம் சொல்லிக் கொடுத்திருந்தார்: "முகத்த வெறும் தட்டு மாதிரி வச்சுக்கணும். அவங்க எத எடுத்து வச்சாலும் தட்டு ஒண்ணும் சொல்லாது. அவங்க 'அவ்வளவுதான்'னு சொல்லுவாங்க. எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்லுவாங்க. நீ பேனாவ மூடாத. வேறன்னு கேளு. கேட்டுட்டு சும்மா இரு. அந்தச் சும்மா இருக்கிற நேரத்துலதான் உண்மை வரும்." வங்கியில் வேலை பார்க்கும் பத்மஜா என்கிற அம்மா, வெள்ளை ஷூவும் நீலச் சுடிதாருமாக விடுவிடுவென்று நடப்பவர், ஓட்ஸ், இரண்டு சப்பாத்தி, ஒரு கொய்யாப்பழம் என்று சொல்லி, அவ்வளவுதாம்மா என்று சிமெண்ட் பெஞ்சிலிருந்து எழப் பார்த்தார். மைதிலி வேற என்றாள். தட்டாக இருந்தாள். அந்த அம்மா ஷூக் கயிற்றைக் கட்டினார், அவிழ்த்தார். பிறகு, எல்லோரும் படுத்தபின் சமையலறையில் விளக்கைப் போடாமல் நின்றுகொண்டே மிக்சர் தின்றதைச் சொன்னார். எவ்வளவு என்று கேட்டதற்கு உள்ளங்கையைக் குவித்துக் காட்டினார். பிறகு இரண்டாவது கையையும் சேர்த்தார். "நீங்க சின்னப் பொண்ணு. இத எழுதாதீங்களேன்." மைதிலி எழுதினாள். அந்த அம்மாவின் கண்ணில் தண்ணீர் நின்றபோது இவளுக்குள் என்ன இருந்தது? இரக்கம் என்று அறைக்கு வந்து தோழிகளிடம் சொன்னாள். இரக்கம் இல்லை. நாம் மட்டும் இல்லை என்று ஒரு குளிர்ச்சி. அதைத் தட்டின் அடியில் ஒளித்து வைத்துக்கொண்டாள். அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை, நானும்தான் என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதன்பின் பத்மஜா அம்மா அந்தப் பூங்காவுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்.

கதவு காற்றில் தானாகச் சாத்திக்கொண்டது என்பது சரிதான். தாழ்ப்பாளை அவள்தான் போட்டாள். அங்கிருந்து நினைப்பை நகர்த்த முடியாமல் அது அங்கேயே நின்றது, முள்ளில் மாட்டிய துணி மாதிரி. தாழ்ப்பாளைப் போட்டாள். எப்படியும் ஒன்று உள்ளே போய்விட்டது, வெறும் வயிறு போனது போனதுதான், இனி எத்தனை போனால் என்ன என்று ஒரு குரல், எவ்வளவு நிதானமான குரல், வக்கீல் மாதிரி. இரண்டாவதை மேசைமேல் வைத்துத்தான் தின்றாள், நாகரிகமாக, விண்டு விண்டு. மூன்றாவதைத் தூக்கோடு எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனாள். அறையில் யாரும் இல்லை, தாழ்ப்பாளும் போட்டிருந்தது, ஆனாலும் குளியலறைக்குள் போய் அந்தக் கதவையும் சாத்திக்கொண்டாள். குழாயைத் திறந்துவிட்டாள், வாளியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்க வேண்டும் என்று. அப்புறம் ருசி இல்லை. வாய் அரைத்தது, தொண்டை இறக்கியது, கை அடுத்ததை எடுத்தது. மூன்று பேர் சேர்ந்து ஒரு வேலையைச் செய்வது போல. அவள் அங்கே இல்லை. அவள் வந்து சேர்ந்தபோது மேல் அடுக்கு முடிந்து, இரண்டு அடுக்குக்கும் நடுவில் வட்டமாக வெட்டிப் போட்டிருந்த செய்தித்தாள் தெரிந்தது. எண்ணெயில் ஊறி எழுத்துகள் பின்பக்கத்திலிருந்தும் தெரிந்தன. கீழ் அடுக்கை எடுத்துப் பரப்பி, நடுவில் கொஞ்சம் உயர்த்தி அடுக்கி, தூக்கு நிறைந்த மாதிரி செய்தாள். செய்தித்தாளை மடித்து, தங்கள் மாடிக் குப்பைக்கூடையில் போடாமல், படியிறங்கும்போது கீழ்மாடிக் கூடையில் போட்டாள். கீழ்மாடிக் கூடையில் போட வேண்டும் என்று யோசிக்கவே இல்லை, கால் தானாகப் போயிற்று. அந்தக் கூடைக்கு அவளை நன்றாகத் தெரியும்.

"இது என்ன கூத்தாயிருக்கு?" என்றாள் செண்பகம். மைதிலிக்குக் கழுத்தைத் திருப்ப முடியாது. கடைக்கண்ணில் செண்பகத்தின் மூக்குக்கண்ணாடியில் திரையின் நீல வெளிச்சம் மட்டும் தெரிந்தது. செண்பகம் எழுந்து வந்து குழாயின் இணைப்பைத் தடவிப் பார்த்தாள், மூடியின் ஓரத்தை அழுத்தினாள். மூடிக்கு வெளியே அவள் முகம் பெரிதாகக் குனிந்தது, வாயை அகட்டி ஓசையில்லாமல், உனக்கு ஒண்ணுமில்ல, நீ கெட என்றது. திரும்பிப் போய் ஏதோ பட்டனைத் தட்டினாள். மறுபடியும் தட்டினாள். நாற்காலி நகர்ந்தது. போனில் எஸ்தர் மேடத்தை அழைத்தாள். "மேடம், வணக்கம் மேடம். ரீடிங் ஒரேயடியா ஏறி நிக்கி மேடம்... ஆமா, எரியுறதும் கூட காட்டுது, அந்த எண்ணும் கூட காட்டுது. காலையில வந்ததுமே மிஷின ஒழுங்கு பண்ணிட்டுத்தான் ஆரம்பிச்சேன்... இல்ல மேடம், வெறும் வயிறுதான். நம்ம மைதிலிதான் மேடம்." கொஞ்சம் நிறுத்தினாள். "சேச்சே. அவ பொய் சொல்ல மாட்டா மேடம். அவளே அப்படித்தான் வந்தேன்னு சொன்னா." மைதிலிக்குக் கூரைக்கறை கலங்கித் தெரிந்தது. அவளே சொன்னா. சொல்லவில்லை, தலையைத்தான் ஆட்டினேன். இல்லை, சொன்னேன். செண்பகத்தின் குரல் இறங்கியது. "அப்ப மிஷின்லதான் கோளாறுங்கீங்களா?... எப்பலருந்துன்னு எப்படி மேடம் தெரியும்... ஆடுத பிள்ளைங்கள எடுத்ததும் இதே மிஷின்லதான. அதுவும் செல்லாதா மேடம்? அத்தனையுமா?... அவங்கல்லாம் ஊருக்குப் போயிட்டாங்களே மேடம், திரும்ப எங்க போயிப் பிடிக்க... அடுத்த வருசமா?" அப்புறம் கொஞ்ச நேரம் ம், ம் என்ற சத்தம் மட்டும். முழங்கால் கிழிந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதுகூட டாக்டரையே கேலி செய்தவள் என்று அவளைப் பற்றி ஒரு கதை உண்டு. அவளா இப்படி ம் என்கிறாள்?

மிஷினில் ஏதோ கோளாறு போல. வராந்தா முழுக்கச் சிரிப்பு. அன்றைக்கு அந்த இரும்புத் தட்டின்மேல் நின்றவள், மிஷின் கோளாறாகவே இருக்கட்டும் சாமி என்று வேண்டிக்கொண்டது இப்போதுதான் ஞாபகம் வந்தது. இப்போது வேண்டாமலே கிடைக்கிறது. வாயைத் திறக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் கிடந்தால் போதும். மிஷின் கோளாறு என்று எழுதிக்கொள்வார்கள். கம்பெனியிலிருந்து ஆள் வந்து பார்த்து, ஒன்றுமில்லையே என்பான். அதற்குள் ஆய்வேடு கொடுக்க வேண்டிய கெடு தாண்டிவிடும். செண்பகம் ஒரு வருஷத்தைத் தொலைப்பாள். தொலைத்துவிட்டு, பாவம் உன்னையும் பட்டினி போட்டு வீணா படுக்க வச்சேன் என்று இவளுக்குப் பூரி வாங்கித் தருவாள். இவள் குருவி மாதிரி அதில் பாதியைக் கொறித்துவிட்டு வைப்பாள். அந்தப் பூரி கண்முன்னால் வந்தது. உப்பி, மேலே எண்ணெய் மினுங்கி, பக்கத்தில் செண்பகத்தின் சிவந்த கண். நாக்கு கடைவாய்க்குப் போய் அந்தத் துணுக்கைப் பெயர்த்து எடுத்தது. விழுங்கினாள். வாய் காலியாயிற்று.

"செண்பகம்," என்றாள். மூடிக்குள் அவள் குரல் யாருடையதோ போல முழங்கியது. முகத்துக்கு நேரே பிளாஸ்டிக்கில் வெள்ளையாக ஆவி படர்ந்தது. "ஏட்டி பேசாத!" என்று செண்பகம் போனைக் கையால் பொத்தினாள். பிறகு, "சரி பேசு, இனி பேசுனா என்ன, பேசாட்டி என்ன," என்றாள். "மிஷின் நல்லாத்தான் இருக்கு," என்றாள் மைதிலி. ஆவி படர்ந்த மூடிக்கு வெளியே ஓர் உருவம் அப்படியே நின்றது. பிறகு மூடி உயர்ந்தது. காற்று குளிர்ந்து முகத்தில் அடித்தது. செண்பகம் குனிந்து அவளைப் பார்த்தாள். மூக்கைச் சுருக்கினாள். ஏலக்காய். "தின்னியா?" மைதிலி தலையை ஆட்டப் போனாள், நிறுத்திக்கொண்டாள். "தின்னேன்." "என்னது?" "அதிரசம். புவனாவோட அம்மா வாயில ஊட்டிட்டாங்க." "ஒண்ணா?" இதோ அந்த எளிதான இடம். செண்பகமே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தியிருந்தாள். ஒன்று என்று சொன்னால் போதும். ஆனால் செண்பகத்தின் கண் ஒருமுறை திரைக்குப் போய்விட்டுத் திரும்பியது. எண் படிக்கத் தெரிந்த கண். "ஒண்ணுக்கெல்லாம் இப்படி ஏறாதுட்டி," என்றாள் மெதுவாக. மைதிலி அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது வெறும் தட்டு இல்லை. அந்த முகத்தில் எல்லாம் பரிமாறியிருந்தது: கோபம், தப்பித்தோம் என்கிற மூச்சு, நம்பிக் கெட்ட வெட்கம், இவ்வளவு நாள் மெஸ்ஸில் பார்த்த குருவிக்கொறிப்பு எல்லாம் என்னது என்ற கேள்வி. "எங்கிட்டச் சொல்லிருக்கலாம்ல. வாசல்லயே சொல்லிருந்தா நாளைக்கு வச்சிருப்பேன். சவத்து மூதி, என் உசிரே போயிட்டு வந்துச்சு. நான் மேடத்துக்கிட்ட உனக்குச் சத்தியம் பண்ணாத குறையா..." அவளால் முடிக்க முடியவில்லை. போன் இன்னும் அவள் கையில் பொத்தியே இருந்தது. உள்ளே சின்னதாக, "ஹலோ, ஹலோ செண்பகவல்லி," என்று கேட்டது. செண்பகம் அதை மைதிலியிடம் நீட்டினாள். "நீயே சொல்லு. எனக்கு வாய் வரல."

போன் சூடாக இருந்தது. மைதிலி எழுந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். ரெக்சின் முதுகை விட்டுப் பிரிந்தது. "மேடம், நான் மைதிலி." "சொல்லும்மா." "செண்பகம் எடுத்தது எல்லாம் சரிதான் மேடம். நான்தான் சாப்பிட்டு வந்துட்டேன்." அந்தப் பக்கம் நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது. பிறகு எஸ்தர் மேடத்தின் குரல் வந்தது, கோபமும் இல்லாமல் பரிவும் இல்லாமல், கழுவித் துடைத்த குரல்: "என்ன சாப்பிட்டே?" "அதிரசம் மேடம்." "எத்தனை?" "எண்ணல மேடம். தூக்குல மேல் அடுக்கு." "சரி. வேற?" செண்பகம் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள், இவள் பக்கம் திரும்பவில்லை. "அவ்வளவுதான் மேடம்," என்றாள் மைதிலி. அந்தப் பக்கம் ஒன்றும் பேசவில்லை. போனை வைத்துவிட்ட மௌனம் இல்லை அது, மூச்சு கேட்டது. மைதிலிக்கு அந்த மௌனத்தை நன்றாகத் தெரியும். பேனாவை மூடாமல் காத்திருக்கிற மௌனம். சிமெண்ட் பெஞ்சில் ஓர் அம்மா ஷூக் கயிற்றைக் கட்டி அவிழ்த்துக்கொண்டிருந்த மௌனம். கால் கீழே தொங்கியது. குனிந்து பார்த்தாள், சுண்டுவிரலில் ஊர்ந்தது எறும்பேதான். அது போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். போய்விட்டது.

"இன்னிக்கி மட்டும் இல்ல மேடம்," என்றாள்.

குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்த கை நின்றது.